வலி எந்த விரலில் போய் முடிகிறது?

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் தையலுக்கு வெளியே மெல்லிய நைலான் இழைகள் சில நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிதுங்கிய டிஸ்க்கை எடுத்த கையோடு, உள்ளே நரம்பு வேர், தசைநார், டிஸ்க்கின் ஓரம் என்று இடத்துக்கு ஓர் இழையை மாட்டி, நுனியை வெளியே விட்டுத் தைத்திருக்கிறார்கள் மருத்துவர்கள். பிறகு அந்த இழைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஸ்மைத், ரைட் என்ற இருவர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இது. இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவிடம் கொண்டுபோனாலும் அனுமதி கிடைக்காது.

கிடைத்த பதில் தெளிவானது. மற்ற இழைகளை இழுத்தபோது முதுகோடு நின்ற வலி, நரம்பு வேரில் மாட்டிய இழையை இழுத்தபோது மட்டும் காலில் இறங்கியது. நோயாளி பல மாதமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அதே வலி, அதே பாதையில். இழுவை கூடக்கூட வலி இன்னும் கீழே போனது. ஏற்கெனவே டிஸ்க்கிடம் அடிபட்டிருந்த வேரை லேசாகத் தொட்டாலே போதும். பாதிக்கப்படாத வேருக்கு அந்தச் சொரணை இல்லை.

முதுகில் கிளம்பிக் காலில் இறங்கும் இந்த வலிக்குச் சயாட்டிகா என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள இந்த ஓர் ஆய்வு பாதி வழி கூட்டிப்போய்விடும். வலி காலில் இருக்கும். காலில் ஒரு பழுதும் இருக்காது. கெண்டைக்காலில் எண்ணெய் போட்டு நீவி நீவி ஓய்ந்துபோனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

உடம்பிலேயே தடித்ததும் நீளமானதும் சயாட்டிக் நரம்புதான். புறப்படும் இடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம் இருக்கும். கீழ்முதுகின் 4, 5ஆம் வேர்களும், அதற்கடியில் உள்ள திரிக எலும்பின் முதல் மூன்று வேர்களும் கூடி உருவாகும் இந்த நரம்பு, பிட்டத்தின் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்ற தசைக்குக் கீழே வெளிவந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை போகிறது. இந்த ஐந்து வேர்களில் ஒன்று, முதுகெலும்பை விட்டு வெளியேறும் இடத்தில் நசுங்கினாலோ வீங்கினாலோ, செய்தி அங்கிருந்துதான் கிளம்புகிறது. மூளைக்கோ, அந்த வேர் வழக்கமாக எந்த இடத்துச் செய்தியைக் கொண்டுவருமோ அந்த இடம்தான் தெரியும். அதனால் வலியைப் பெருவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ எழுதிவிடுகிறது.

இந்தத் தவறான முகவரியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வைத்தியருக்குக் கைகொடுப்பது அதுதான். கீழ்முதுகின் ஐந்தாம் வேர் மாட்டிக்கொண்டால், வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிவிளிம்பில் ஓடி, மேற்பாதத்தைக் கடந்து பெருவிரலில் முடியும். முதல் திரிக வேர் என்றால், பின்தொடை, பின்கெண்டை, குதிகால் என்று இறங்கிப் பாதத்தின் வெளியோரத்தில் சுண்டுவிரலில் போய் நிற்கும். முன்னவருக்குக் குதிகாலை ஊன்றி நடப்பது கஷ்டம், பின்னவருக்கு நுனிக்காலில் நிற்பது கஷ்டம். டிஸ்க் பிதுக்கங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் நடக்கின்றன என்பதால், பெரும்பாலானோரின் கதை இந்த இரண்டு விரல்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே அனுபவமுள்ள மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரிப்பதற்கு முன் கேட்பது இதைத்தான்: "எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுது? ஒரு விரலை வெச்சு கோடு போட்டுக் காட்டுங்க." நோயாளி உள்ளங்கையை விரித்து இடுப்பு முழுக்கத் தடவிக் காட்டினால் தசைப்பிடிப்பாக இருக்கலாம். ஒற்றை விரலால் பிட்டத்திலிருந்து கணுக்கால்வரை ஒரு கோடு இழுத்தால் அது வேறு கதை. நம் ஊர் நரம்பியல் மருத்துவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி, ஷூ போட்டு நடக்கும் நாடுகளின் பாடநூலில் கிடைக்காது. "நடக்கும்போது செருப்பு கழண்டுபோகுதா?" ஆமாம் என்றால் அடுத்தது: "கழண்டது உடனே தெரியுதா, இல்ல பத்தடி போனப்புறம்தான் தெரியுதா?" தெரிந்தும் நழுவினால் பாதத்துக்குப் பலம் குறைந்திருக்கிறது. தெரியாமலே நழுவினால் உணர்ச்சி போயிருக்கிறது. ரப்பர் செருப்பு ஒன்றை வைத்தே இவ்வளவும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வலிக்கென்று தனி நூல் எழுதிய முதல் ஆள் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிகோ கொத்துன்யோ. 1764இல் வந்த அந்த லத்தீன் நூலில், அதுவரை இடுப்பு மூட்டு வலியோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்ததைப் பிரித்து, இது நரம்பின் நோய் என்றார். காரணம் சொன்னதில் கோட்டை விட்டார். நரம்பு உறைக்குள் தேங்கும் திரவம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று நினைத்தார். ஆனால் வலி போகும் பாதையை நோயாளிகளிடம் கேட்டு அவர் எழுதிவைத்த விவரம் இன்றும் பொருந்துகிறது.

காலை நீட்டி உயர்த்திப் பார்க்கும் சோதனைக்கு பாரிஸின் லாசேக் பெயரைத்தான் உலகம் வைத்திருக்கிறது. அவர் அதை எழுதிவைக்கவே இல்லை. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்பே, 1880இல், பெல்கிரேடின் லாசா லாசரேவிச் ஆறு நோயாளிகளை வைத்து இதே சோதனையை விவரித்துவிட்டார். காலை உயர்த்தும்போது நரம்பு இழுபடுவதால்தான் வலிக்கிறது என்ற சரியான விளக்கத்தையும் சேர்த்தே சொன்னார். செர்பிய மொழியில் எழுதியதால் வெளியே தெரியவில்லை. 39 வயதில் இறந்துபோன இந்த லாசரேவிச், செர்பிய இலக்கியத்தில் உளவியல் சிறுகதைக்கு வழி போட்டவர் என்பது கூடுதல் செய்தி. மனிதர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்கிற பழக்கம் இரண்டு வேலைக்கும் உதவியிருக்க வேண்டும்.

சோதனை எளிது. நோயாளி மல்லாந்து படுக்க, முழங்கால் மடங்காமல் ஒரு காலை மருத்துவர் மெல்ல உயர்த்துவார். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே ஓடினால் வேர் சிக்கியிருக்கிறது என்று சந்தேகம். தொடைக்குப் பின்னால் இறுக்கமாக மட்டும் இருந்தால் அது தசை; நாற்காலியிலேயே காலத்தை ஓட்டுகிற பலருக்கும் அப்படித்தான் இருக்கும். வலியில்லாத காலை உயர்த்தும்போது வலிக்கிற காலில் சுளீர் என்றால் சந்தேகம் பலமாகிவிடும்.

பாதை ஒரு பக்கம். வலியின் குணம் இன்னொரு பக்கம்.

1950களில் மனோதத்துவ ஆய்வாளர் ரொனால்ட் மெல்சாக், தீராத வலியோடு வருபவர்கள் பயன்படுத்தும் வார்த்தைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1971இல் டோர்கர்சனோடு சேர்ந்து 102 வார்த்தைகளை வகைபிரித்தார். அவற்றிலிருந்து 1975இல் வந்தது மெக்கில் வலி வினாப்பட்டியல்: 78 வார்த்தைகள், 20 தொகுதிகள். வலியை வெறும் 'அதிகம், குறைவு' என்று அளக்காமல் அதன் சுபாவத்தைக் கேட்ட முதல் கருவிகளில் ஒன்று அது. 2006இல் ஜெர்மனியில், முதுகு வலிக்காரர்களில் நரம்பு வலி யாருக்கு என்று பிரித்தறியவே இன்னொரு பட்டியல் உருவானது. எரிகிறதா, ஊசி குத்துகிறதா, மின்சாரம் பாய்வது போலிருக்கிறதா, துணி பட்டாலே வலிக்கிறதா, மரத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு மனித உருவத்தைக் கொடுத்து வலி பாயும் திசையை அம்புக்குறியால் போடச் சொல்கிறது.

தமிழில் பேசுகிறவருக்கு இந்தப் பட்டியல் அவ்வளவாகத் தேவைப்படாது. "புடிச்சிக்கிட்டிருக்கு", "உளையுது" என்பவரின் வலி பெரும்பாலும் தசையோடும் மூட்டோடும் நிற்கும். "சுண்டி இழுக்குது", "கரண்ட் மாதிரி ஓடுது", "எரியுது", "எறும்பு ஊருது" என்பவர் நரம்பைப் பற்றிப் பேசுகிறார். "குடையுது" இரண்டுக்கும் பொது. உஷாராகக் கேட்க வேண்டியது "மதமதன்னு இருக்கு" என்பதை. வலி குறைந்து மதமதப்பு கூடினால், வீட்டில் உள்ளவர்கள் தேவலையாகிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். கூடவே கால் பெருவிரலை மேலே தூக்க முடியாமலும் போனால், நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கும் அளவுகோல் இதைப் பிடிக்காது. மேலும், பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பன்னிரண்டு என்கிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

மின்சாரம் பாய்வது ஏன்? 1977இல் ஹோவ், லோசர், கால்வின் மூவரும் விலங்குகளில் செய்த ஆய்வில், நல்ல நரம்பு வேரை அழுத்தியபோது ஒரு நொடிப்பொழுது சமிக்ஞை எழுந்து அடங்கியது. ஏற்கெனவே புண்பட்ட வேரையோ, வேரின் மேல் இருக்கும் உணர்வு நரம்பணு முடிச்சையோ அழுத்தியபோது, கையை எடுத்த பிறகும் சமிக்ஞைகள் நிமிடக்கணக்கில் சரமாரியாகக் கிளம்பின. இருமல், தும்மல், கழிவறையில் முக்குவது என்று முதுகுத்தண்டுக்குள் அழுத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் கால் அதிர்வது இதனால்தான். ஜலதோஷம் பிடித்த சயாட்டிகாக்காரரைப் பார்த்தால் புரியும்: தும்மல் வருவது தெரிந்ததும் கை தானாகச் சுவரைத் தேடும்.

டிஸ்க் குற்றவாளிக் கூண்டில் ஏறியது 1934இல். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை நிபுணர் மிக்ஸ்டரும் எலும்பு நிபுணர் பாரும், அதுவரை முதுகெலும்புக் கால்வாயிலிருந்து 'குருத்தெலும்புக் கட்டி' என்று எடுத்துப் புட்டியில் போட்டு வைத்திருந்த மாதிரிகளை மறுபடி ஆராய்ந்தார்கள். பல, கட்டியே அல்ல. இரு எலும்புகளுக்கிடையே இருக்க வேண்டிய டிஸ்க்கின் உட்பகுதி வெளியே வந்து கிடந்திருக்கிறது. நம் ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்று சொல்வது இதைத்தான், ஆனால் டிஸ்க் இடம் விட்டு நகர்வதில்லை. அதன் நார்வளையம் கிழிந்து, உள்ளே உள்ள கூழ் பிதுங்குகிறது.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு முதுகு வலி என்றாலே டிஸ்க்கைத் தேடிக் கத்தி எடுக்கும் காலம் தொடங்கியது. அதில் சிக்கிய ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரானார். ஜான் கென்னடிக்கு முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி. 1944இல் பாஸ்டனில் திறந்து பார்த்தபோது டிஸ்க் பொருள் மிருதுவாக இருந்தது. பிதுக்கம் என்று சொல்ல அதிகம் இல்லை. வலி தீரவில்லை. 1954இல் நியூயார்க்கில் உலோகத் தகடு வைத்து எலும்புகளை இணைத்தார்கள். சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தானது. அடுத்த ஆண்டு தகட்டை எடுத்தார்கள். கடைசிவரை இடுப்புக் கச்சையும் ஆடு நாற்காலியும்தான் துணை.

அழுத்தம் மட்டுமே காரணமா என்ற கேள்வி மெல்ல எழுந்தது. 1991இல் அமெரிக்காவின் குஸ்லிக் குழு, 193 பேரை இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே அறுவை செய்தது. உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில், வீங்கிச் சிவந்த வேரைத் தொட்டபோதுதான் சயாட்டிகா வலி எழுந்தது. 1993இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஓல்மார்க்கர் குழு பன்றிகளின் டிஸ்க் கூழை எடுத்து, எந்த அழுத்தமும் இல்லாமல் அவற்றின் நரம்பு வேர்கள்மேல் வைத்தது. சில நாட்களில் அந்த நரம்புகளின் கடத்துதிறன் சரிந்தது. கொழுப்பை வைத்த பன்றிகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, நசுங்குவது பாதிக் கதை. கூழில் உள்ள வேதிப்பொருள்கள் வேரை எரியூட்டுவது மறுபாதி.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிதுக்கம் தெரியும், எரிச்சல் தெரியாது. 1994இல் மௌரீன் ஜென்சன் குழு, முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. 52 சதவீதத்தினருக்கு ஏதாவதொரு டிஸ்க் புடைத்திருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுக்கமே இருந்தது. எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2013இல் நெதர்லாந்தில் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள்: சயாட்டிகா வந்து ஓராண்டு ஆனவர்களை மறுபடி ஸ்கேன் எடுத்தால், குணமானவர் யார், ஆகாதவர் யார் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நன்றாக இருந்தவர்களில் 35 சதவீதத்தினரிடம் பிதுக்கம் தெரிந்தது. வலியோடு இருந்தவர்களில் 33 சதவீதத்தினரிடம். படம் எதையும் சொல்லவில்லை.

ஸ்கேன் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். கத்தி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்க அது அவசியம். ஆனால் வலி பெருவிரலில் முடிகிறது, படமோ சுண்டுவிரலுக்குப் போகும் வேரைக் காட்டுகிறது என்றால், நம்ப வேண்டியது நோயாளியை. 'எல்4–எல்5 பல்ஜ்' என்ற வரியைப் படித்துவிட்டு ஆயுள் முழுக்க ஒரு குடம் தண்ணீர் தூக்காமல் இருப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களை முடக்கியது அந்த வரி.

அந்த வலியோடு நாளைக் கடத்துவது பெரும்பாலும் சின்னச் சின்ன உத்திகள்தான். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைப்பது, எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுவது, பேன்ட்டைப் படுத்தபடியே மாட்டுவது. இந்தியக் கழிவறையில் குந்துவது பலருக்கு முடியாமல் போகும். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்குப் பாயசம் வரும் முன்பே கால் எரியத் தொடங்கும். பைக்கில் வேகத்தடை வந்தால் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நிற்பார். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து அதன்மேல் உட்காருவதே சிலருக்கு இந்த நரம்பை நசுக்கும் என்பது 1974இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. இந்த ஒன்றுக்கு வைத்தியம் இலவசம்.

முழு ஓய்வு? மாஸ்ட்ரிக்டில் 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்கையிலேயே வைத்து, மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 1999இல் வந்த முடிவு: 12 வாரம் கழித்து இரு பக்கமும் 87 சதவீதத்தினருக்குத் தேவலை. படுத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. மருந்துச் சீட்டில் அடிக்கடி இடம்பெறும் பிரிகாபலினை, 2017இல் சிட்னியில் 209 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். கால் வலி கூடுதலாகக் குறையவில்லை, தலைசுற்றல் கூடியது. பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் 2020இல் சயாட்டிகாவுக்கு இந்த வகை மருந்தே வேண்டாம் என்றன. இதை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வலியைப் பின்தொடர்ந்து வைத்தியம் செய்த கதை ஒன்று உண்டு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வலியோடு வந்த ஒருவரை அறைக்குள் போய்க் குப்புறப் படுக்கச் சொன்னார். மேசையின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்ததைக் கவனிக்காமல் அவரும் முதுகு பின்னால் வளைந்தபடி படுத்துவிட்டார். அந்தக் காலத்தில் கூடவே கூடாது என்று கருதப்பட்ட நிலை. திரும்பி வந்து பதறிய மெக்கென்சியிடம், கால் வலி போய்விட்டது, முதுகில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றார் நோயாளி. வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கு, தொடைக்கு, இடுப்புக்கு என்று பின்வாங்கினால் நல்ல அறிகுறி என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. இடையில் இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஸ்மைத்தும் ரைட்டும் இழையை இழுத்தபோது கீழே இறங்கிய வலி, இங்கே அதே பாதையில் ஏறுகிறது. எல்லோருக்கும் இந்தப் பயிற்சி ஒத்துவராது. வலி கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

பிதுங்கிய கூழ் என்னவாகிறது? பெரும்பாலும் உடம்பே தின்றுவிடுகிறது. அந்நியப் பொருள் என்று கண்டுகொண்ட வெள்ளணுக்கள் அதைக் கரைக்கின்றன. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முற்றிலும் துண்டாகி விழுந்த பிதுக்கங்களில் 96 சதவீதம் சுருங்கியிருந்தன. வெறுமனே புடைத்திருந்தவற்றில் 13 சதவீதம்தான். ஸ்கேனில் பயமுறுத்தும் பெரிய பிதுக்கமே சீக்கிரம் மறைகிறது. அறுவை சிகிச்சையின் கணக்கும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2007இல் நெதர்லாந்தில் ஆறு முதல் 12 வாரமாகக் கடுமையான சயாட்டிகாவில் இருந்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனடி அறுவை, மீதிப் பேருக்குக் காத்திருப்பு. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பொறுக்க முடியாமல் பின்னால் அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். கத்தி வாங்கித் தருவது வேகத்தை. சம்பளம் போகிற மாதங்களை எண்ணும் லாரி ஓட்டுநருக்கு அந்த வேகம் பெரிய விஷயம். ஓய்வு பெற்றவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால், இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ வரும், ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகும், சிறுநீர் அடைக்கும் அல்லது தெரியாமலே கசியும். காலின் வலியை அங்குலம் அங்குலமாக விவரித்தவர்கள்கூட இதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட மகளோ மருமகனோ நிற்கும்போது எப்படிச் சொல்வது? அதனால் மருத்துவர்தான் தனியே அழைத்து, சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டியிருக்கிறது: "ஒண்ணுக்குப் போறது தெரியுதா? கால் கழுவும்போது கை படுறது தெரியுதா?" இல்லை என்ற பதில் வந்தால் அன்றைக்கே ஸ்கேன், தேவையென்றால் அன்றைக்கே அறுவை. சிறுநீர் முழுதாக அடைத்த பிறகு வந்து சேர்கிறவர்களில் சிலருக்கு, கால் வலி போய் நடமாடத் தொடங்கிய பிறகும் சிறுநீர்க் குழாய் கூடவே இருந்துவிடுகிறது.